வாலைக் கடிக்கும் சிறுத்தை: எந்த நேரத்தில் கடிக்கிறது?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தசரா விடுமுறைக்கு வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த உயிரியல் பூங்காவுக்கும் போனோம். ஒரு சிறுத்தை கம்பி ஓரமாகவே போவதும் திரும்புவதுமாக இருந்தது. திடீரென்று உட்கார்ந்து தன் வாலைத் தானே கடித்தது. வால் நுனியில் முடியே இல்லை, சிவந்த புண்தான் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தபடி போனில் படம் பிடித்தார்கள். அங்கிருந்த காவலரிடம் சொன்னேன். "அது அப்படித்தாம்மா, பைத்தியம்" என்றார். ஒன்பது வயது மகள் வீடு வரும்வரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நம்ம பூனையும் வயித்தை நக்கி நக்கி முடியே இல்லாம பண்ணிடுச்சே, அதுக்கும் பைத்தியமா?" என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தச் சிறுத்தைக்கு என்ன ஆயிற்று? மருந்து கிடையாதா? நான் ஏதாவது செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அந்தச் சிறுத்தைக்குப் பைத்தியம் இல்லை. உங்கள் பூனைக்கும் இல்லை. இரண்டுக்கும் ஏதோ ஒன்று பொறுக்க முடியாமல் இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

"அது அப்படித்தான்" என்று காவலர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏறக்குறைய அதையே நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு சிங்கம் வாலில் ஒரு பகுதியை இழந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியும்.

சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவிக்கை வெளியிட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சர்க்கஸ்களிலிருந்து மீட்ட சிங்கங்களையும் புலிகளையும் வைத்துப் பராமரிக்க பன்னேர்கட்டா, வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம் முதலிய இடங்களில் மறுவாழ்வு மையங்கள் வந்தன. அப்படி ஒரு மையத்தில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஒரு வயதான பெண் சிங்கம் வால் நுனியைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. சர்க்கஸ் விலங்கு, சக்கரம் வைத்த கூண்டிலேயே ஆயுளைக் கழித்தது, மனம் கெட்டுப்போயிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டினோம். புண் ஆறவில்லை. மயக்க மருந்து கொடுத்து வாலின் கெட்டுப்போன பகுதியை வெட்டித் தைத்தோம். மூன்று வாரத்தில் தையலுக்கு மேலே கடிக்க ஆரம்பித்தது.

அதைக் கவனித்துவந்த பராமரிப்பாளர் கனகபுரா பக்கத்துக்காரர். கன்னடத்துக்கு நடுவே எனக்காகத் தமிழ் பேசுவார். அவர்தான் சொன்னார்: "பகல்ல கடிக்கறதில்ல சார். காலைல நான் கதவைத் திறக்கும்போதுதான். படுத்த இடத்துல இருந்து எந்திரிக்கும், பின்னங்கால இழுக்கும், அப்புறம் திரும்பி வாலைக் கடிக்கும். மழை நாள்ல ஜாஸ்தி."

அதுவரை அவரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறுபடி மயக்க மருந்து கொடுத்து, இந்த முறை இடுப்புக்கும் வாலுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் தேய்ந்து, ஓரங்களில் எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. வாலுக்கும் பின்னங்காலுக்கும் போகும் நரம்புகள் அங்கேதான் வெளியே வருகின்றன. சியாட்டிகா வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நரம்பு நசுங்குவது இடுப்பில்தான், ஆனால் எரிச்சலும் மரத்துப்போவதும் காலில் தெரியும். அந்தச் சிங்கத்துக்கு அது வாலில் தெரிந்தது. வலிக்கிற இடம் என்று நினைத்து அது வாலைக் கடித்தது. நாங்களும் அதே தவறைச் செய்து வாலை வெட்டினோம்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தாங்கும் என்று தெரிந்த பிறகு இறைச்சிக்குள் வைத்து வலி மருந்து கொடுத்தோம். குளிர்ந்த சிமென்ட் தரையில் படுக்காமல் இருக்க மரப்பலகை மேடை போட்டு மேலே வைக்கோல் பரப்பினோம். சில வாரங்களில் கடிப்பது குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. வயதான பெரும்பூனைகளுக்கு முதுகெலும்புத் தேய்மானம் அபூர்வமான நோயும் இல்லை. நான் முதல் நாளே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தன்னைத் தானே கடிக்கும் எந்த விலங்கைப் பார்த்தாலும், ஏன் கடிக்கிறது என்று யோசிக்கும் முன் எப்போது கடிக்கிறது என்று கேட்கிறேன்.

காலையில் எழும்போது என்றால் எலும்பையும் நரம்பையும் பார்க்க வேண்டும். மலம் கழித்த பின் என்றால் ஆசனவாய்ப் பக்கத்துச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். நேரம் காலம் இல்லாமல் எப்போதும், அதோடு காதையும் கழுத்தையும் சொறிந்தால் உண்ணி, சொறிப்பூச்சி, படர்தாமரை. தீனி வரும் அரை மணி முன்னால் மட்டும் என்றால் அது வேறு விஷயம், காரணத்தைச் சூழலில் தேட வேண்டும். பக்கத்துக் கூண்டில் ஆண் உறுமும்போது மட்டும் என்றால் அதுவும் வேறு. பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து இறங்கும் நாட்களில் மட்டும் என்றால், சொல்லவே வேண்டாம்.

உடம்பை முதலில் பார் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உங்கள் பூனையின் இனத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. மனக்காரணத்தால்தான் முடியை நக்கி உதிர்க்கின்றன என்று கருதப்பட்ட 21 வீட்டுப் பூனைகளை முழுமையாகச் சோதித்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 16 பூனைகளுக்கு உடல் நோய்தான் காரணம். பெரும்பாலும் ஒவ்வாமை. 3 பூனைகளுக்கு உடல், மனம் இரண்டும். மனக்காரணம் மட்டும் என்று தேறியவை இரண்டே இரண்டு. சிறுத்தைக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. கூண்டு வாழ்க்கை அதன் மனதை உங்கள் பூனையைவிடப் பல மடங்கு வதைக்கிறது. ஆனாலும் சோதனை செய்யும் வரிசை மாறாது.

சரி, அந்தக் கம்பியோர நடைக்கு வருகிறேன். அதையும் கடிப்பதையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டு தனி விஷயங்கள். ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, மணிக்கணக்காக நடப்பதை ஸ்டீரியோடைப்பி என்பார்கள். 2003இல் நேச்சர் இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் ஊனுண்ணிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. இயற்கையில் பெரிய பரப்பில் சுற்றித் திரியும் இனங்கள்தான் கூண்டில் அதிகம் இப்படி நடக்கின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் சாகின்றன என்று காட்டினார்கள். நாம் நினைப்பதுபோல வேட்டையாட முடியாத ஏக்கம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. போக இடம் இல்லை, எங்கே போவது என்று தானே முடிவு செய்யும் வாய்ப்பும் இல்லை.

ஆனால் நடக்கிற விலங்கெல்லாம் இன்றைக்குத் துன்பப்படுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. சர்க்கஸிலிருந்து வந்த சில விலங்குகள் பரந்த திறந்த இடத்தில் விட்ட பிறகும் பழைய கூண்டின் நீளம் மட்டும் நடந்து திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் புல்லும் மரமும் இருக்கும். அது ஏழெட்டு அடி நடந்து, இல்லாத கம்பி முன் நின்று, திரும்பும். அது பழைய காயத்தின் தழும்பு. இன்னொரு பக்கம், நடக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கும் விலங்கு நடப்பதைவிட மோசமான நிலையில் இருக்கலாம். பார்வையாளர்களுக்கு அது "அமைதியா தூங்குது" என்று தோன்றும். எனக்கு அதுதான் அதிகக் கவலை தரும். தீனி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் நடந்தால், அது பெரும்பாலும் எதிர்பார்ப்பு. நேரத்தை மாற்றி மாற்றித் தீனி கொடுத்தால் குறையும்.

நடை ஒரு கேள்வி, பொறுமையாகப் பதில் தேடலாம். தன்னைக் கடித்து ரத்தம் வரவைப்பது அவசர சிகிச்சைக்கான அழைப்பு. வால் எலும்பு வரை சீழ் போனால் உயிருக்கே ஆபத்து.

சிறுத்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூருக்காரர்களான நமக்கு அவை தூரத்து விலங்குகள் இல்லை. 2016 பிப்ரவரியில் குந்தலஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்குள் சிறுத்தை புகுந்தது நினைவிருக்கும். நாட்டில் கூண்டுகளில் இருக்கும் சிறுத்தைகளில் பல ஊருக்குள் வந்ததாகப் பிடிக்கப்பட்டவை, அல்லது அநாதையாகக் கிடைத்த குட்டிகள். இந்த இரு வகைக்கும் காயத்தின் கதை வேறு வேறு.

பொறிக்கூண்டில் சிக்கும் பெரிய சிறுத்தை கம்பியை முட்டி நெற்றியைக் கிழித்துக்கொள்ளும், கோரைப்பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். இது நோய் இல்லை, தப்பிக்கும் முயற்சி. சுற்றி நூறு பேர் நின்று கத்தினால் முயற்சி நூறு மடங்காகும். கூண்டின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு இருட்டாக்கி, கூட்டத்தை விலக்கினாலே பாதிக் காயம் வராது. ஆனால் உடைந்த பல் அப்புறம் பல மாதம் வலிக்கும். பல்வலியில் பாதத்தையோ வாலையோ மெல்லும் விலங்கின் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

குட்டிகளின் கதை இன்னும் வருத்தமானது. கரும்புக் காட்டில் வெட்டு நடக்கும்போது குட்டிகள் கிடைக்கும். தாய் பக்கத்தில்தான் இருக்கும், ஆட்களைப் பார்த்து ஒதுங்கியிருக்கும். குட்டியைத் தூக்கி வந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தால், தாயின் மடிக்கு ஏங்கி அது தன் வாலையோ விலாவையோ சப்ப ஆரம்பிக்கும். சின்ன வயதில் பார்க்க அழகாக இருக்கும். பல் வளர்ந்ததும் சப்புவது மெல்லுவதாகும், மனம் கலங்கும்போதெல்லாம் வாய் அங்கேயே போகும். உங்கள் சிறுத்தை இப்படி வளர்ந்ததா என்று அதன் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். கரும்புக் காட்டுக் குட்டிகளை அன்று மாலையே அதே இடத்தில் பெட்டிக்குள் வைத்துவிட்டு விலகி நின்றால் இரவில் தாய் வந்து தூக்கிப் போகிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் இப்படிப் பல குட்டிகளைத் தாயோடு சேர்த்திருக்கிறார்கள். ஒரு வாலைக் காப்பாற்றும் மிக எளிய வழி அந்தப் பெட்டிதான்.

மருந்து கிடையாதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. மனிதர்களுக்கு மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்செட்டின் பெரும்பூனைகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். கூண்டு அப்படியே இருக்க, மாத்திரை மட்டும் கொடுத்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு நாய்க்குக் கழுத்தில் மாட்டுவதுபோல் கூம்பு மாட்ட முடியாது, சிறுத்தை ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடும். புண்ணுக்குப் போடும் துணிக்கட்டும் அப்படித்தான். ஒவ்வொரு முறை புண்ணைக் கழுவவும் மயக்க ஊசி என்றால், வயதான விலங்குக்கு அதுவே ஆபத்து. அதனால்தான் நல்ல பூங்காக்களில் இப்போது இறைச்சித் துண்டு கொடுத்துப் பழக்கி, விலங்கே கம்பியருகே வந்து வாலை நீட்ட வைக்கிறார்கள். மயக்கம் இல்லாமலே ரத்தம் எடுக்கலாம், மருந்து தெளிக்கலாம். இதற்குப் பல மாதம் ஒரே ஆள் பொறுமையாக உழைக்க வேண்டும். பராமரிப்பாளரை மாதம் ஒருமுறை மாற்றும் இடத்தில் இது நடக்காது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு சூழலை மாற்ற வேண்டும். சிறுத்தைக்கு முதல் தேவை உயரம். அகலமான கூண்டைவிட, ஆள் தலைக்கு மேலே ஏறிப் படுக்க ஒரு கிளை அதற்குப் பெரிது. அடுத்தது ஒளிந்துகொள்ள ஓர் இடம். தென்னிந்தியாவில் நான்கு பூங்காக்களில் சிறுத்தைகளைக் கவனித்து 2002இல் வெளியான ஆய்விலும் இதுதான் தெரிந்தது: நடையெல்லாம் கூண்டின் ஓரத்தில், ஓய்வெடுப்பது மரமும் மேடையும் உள்ள பகுதியில். ஓரம் மட்டுமே கொடுத்தால் அது ஓரத்தில்தானே நடக்கும்?

தினமும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிலோ எலும்பில்லாத இறைச்சியைத் தட்டில் வைத்தால், பத்து நிமிடத்தில் அன்றைய வேலை முடிந்துவிடும். எலும்போடும் தோலோடும் கொடுத்தால், அதுவும் கிளையில் கட்டித் தொங்கவிட்டால், ஒரு மணி நேரம் வாய்க்கும் பல்லுக்கும் வேலை இருக்கும். வாலைத் தேடிப் போகும் வாய்க்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. எலும்பில்லாமல் வெறும் சதை மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு வளைந்து உடைகிறது, அதுவும் வலிதான். மணத்தையும் சொல்ல வேண்டும். மான் சாணம், யானைச் சாணம், லவங்கப்பட்டைத் தூள் எதையாவது இடம் மாற்றி மாற்றி வைத்தால் அதைத் தேடி, முகர்ந்து, தேய்த்துக்கொண்டே பொழுது போகும். 2018இல் யவத்மால் காட்டில் அவனி என்ற புலியைத் தேடியபோது கடையில் விற்கும் அப்செஷன் வாசனைத் திரவியத்தைத் தெளித்து ஈர்க்கப் பார்த்தார்கள். பெரும்பூனைகளுக்கு மோப்பத்தில் அவ்வளவு ஆர்வம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த ஊருக்கு மறுபடி போக முடிந்தால், அல்லது உறவினர்கள் போக முடிந்தால், கூட்டம் குறைந்த நாளில் அரை மணி நேரம் அமைதியாக நின்று பாருங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது, எழும்போது கால் இழுக்கிறதா, புண் ஈரமா காய்ந்ததா, ஏறிப் படுக்க மேடை இருக்கிறதா, பக்கத்துக் கூண்டில் யார். இதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். சின்னதாக ஒரு வீடியோ. இரண்டையும் பூங்கா இயக்குநருக்கும் அங்குள்ள கால்நடை மருத்துவருக்கும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தில்லியில் உள்ள மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு எழுதுங்கள். பூங்காக்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது அவர்கள்தான். அரசுப் பூங்கா என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தச் சிறுத்தையின் சிகிச்சை விவரத்தைக் கேட்கவும் வழி உண்டு.

வீடியோவை முதலில் இணையத்தில் போடாதீர்கள். உங்கள் நோக்கம் நல்லதுதான், எனக்குத் தெரியும். ஆனால் அப்படிப் பரவும்போது பெரும்பாலும் நடப்பது, கேள்விக்குப் பயந்து விலங்கைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றுவதுதான். அங்கே வெயிலும் இல்லை, மரமும் இல்லை. கடிதத்துக்குப் பதிலே வராமல் போனால் அப்புறம் யோசிக்கலாம்.

சிரித்துப் படம் எடுத்தவர்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, பூங்கா விலங்கைச் சீண்டுவதையும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தீனி போடுவதையும் தடை செய்கிறது. அடுத்த முறை யாராவது கம்பியைத் தட்டினால் தயங்காமல் சொல்லுங்கள். மகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக உங்கள் பூனை. வயிற்று முடி மட்டும் போயிருக்கிறது என்பதால் மூன்று விஷயங்களைச் சந்தேகிக்கிறேன்: தெள்ளுப்பூச்சி, உணவு ஒவ்வாமை, சிறுநீர்ப்பையில் வலி. மண்பெட்டிக்கு அடிக்கடி போகிறதா, போய் முக்குகிறதா என்று மகளை இரண்டு நாள் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நக்குகிறது என்பதையும் எழுதட்டும். ஆண் பூனையாக இருந்து சிறுநீரே வரவில்லை என்றால் இரண்டு நாள் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவ வேண்டாம், நக்கி விழுங்கிவிடும். நாய்களுக்குக் கழுத்தில் விடும் பூச்சிமருந்தைத் தவறியும் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.